தோல் வேண்டாம், சோல் வேண்டும்

கால் எலும்பு முறிந்தவர் முதலில் செருப்பு வாங்க வேண்டியது முறிந்த காலுக்கு இல்லை, நல்ல காலுக்கு. எனக்கு இதைச் சொன்னவர் பிசியோதெரபிஸ்ட். அதுவும் கால் வலியைவிட இடுப்பு வலிதான் தாங்கவில்லை என்று நான் புலம்பிய பிறகு. உடைந்த காலில் மாட்டுகிற வாக்கிங் பூட்டின் அடிப்பாகம் இரண்டு மூன்று சென்டிமீட்டர் தடிமன் இருக்கும். மற்ற காலில் வீட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தால் ஒவ்வொரு எட்டுக்கும் இடுப்பு ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். கொஞ்ச நாள் அப்படி நடந்தால் போதும், முதுகும் தன் பங்குக்கு ஆரம்பித்துவிடும். அதனால் நல்ல காலுக்கு, பூட்டின் உயரத்துக்கு ஈடுகொடுக்கிற மாதிரி தடித்த அடிப்பாகம் உள்ள ஒன்று வேண்டும்.

விலங்கிலிருந்து வருகிற எதையும் போடாத எனக்கும் அந்தத் தேவை சுலபமாகத் தீர்ந்தது. இ.வி.ஏ. என்ற செயற்கை நுரையில் ஒரே வார்ப்பாக வருகிற, மேலே ஓட்டை ஓட்டையாக இருக்கும் க்ளாக். தையல் கிடையாது, லைனிங் கிடையாது. விலங்கு சம்பந்தப்பட்ட எதுவும் ஒளிந்துகொள்ள அதில் இடமே இல்லை. பார்க்க அழகாக இருக்காது, சரி. வாக்கிங் பூட்டுக்குப் பக்கத்தில் எதுதான் அழகாக இருக்கப்போகிறது? பூட்டைக் கழற்றும் நாள் நெருங்கியபோதுதான் உண்மையான சிக்கல் ஆரம்பித்தது.

முறிந்தது இடது பாதத்தின் ஐந்தாவது மெட்டடார்சல். சுண்டுவிரலிலிருந்து பாதத்தின் வெளிப்பக்கமாகக் குதிகாலை நோக்கித் தடவிக்கொண்டே வந்தால் பாதி வழியில் ஒரு முண்டு கையில் தட்டுப்படும். அதுதான் அந்த எலும்பின் அடி. பாதம் உள்பக்கமாகப் பிசகும்போது அங்கே ஒட்டியிருக்கும் தசைநாண்கள் வெடுக்கென்று இழுக்க, எலும்பின் ஓரம் பிய்ந்துகொண்டு வந்துவிடும். பெரும்பாலும் அறுவை சிகிச்சை தேவைப்படாது. ஆறு முதல் எட்டு வாரத்தில் ஓரளவு கூடிவிடும். அதே எலும்பில் இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளி முறிந்தால் கதை வேறு. அங்கே ரத்த ஓட்டம் குறைவு, எலும்பு கூடுவதற்கு அடம்பிடிக்கும். அதற்கு ஜோன்ஸ் முறிவு என்று பெயர். ராபர்ட் ஜோன்ஸ் என்ற பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் நடனமாடும்போது தன் காலையே முறித்துக்கொண்டு, 1902-இல் அதைப் பற்றிக் கட்டுரையும் எழுதினார். என் முறிவுக்குப் பின்னால் அப்படி ஒரு நடனமெல்லாம் இல்லை. குப்பை வாளியோடு மாடிப்படி இறங்கினேன், கடைசிப் படி இன்னும் ஒன்று இருந்தது.

பூட்டைக் கழற்றிய அன்று எலும்பு டாக்டர், "இனிமே சாதாரண ஷூ போடலாம். நல்ல லெதர் ஷூவா பாத்து வாங்கிக்கங்க, காலுக்கு ஏத்த மாதிரி படியும்" என்றார். நான் தோல் போடுவதில்லை என்றேன். ஒரு நொடி என் நெற்றியைப் பார்த்தார், விபூதி இருக்கிறதா என்று தேடினாரோ என்னவோ. "அப்போ நீங்களே பாத்துக்கங்க" என்று அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்.

நான் பாலையும் தோலையும் விட்டுச் சில வருடங்கள் ஆகின்றன. சென்னையில் இதைச் சொன்னால் "ஓ, வீகனா" என்று கடந்துபோய்விடுகிறார்கள். ஆனால் என் ஊர் ஆம்பூர். அம்மா ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம் தைத்தவர். காலையில் கம்பெனி பஸ் வந்து தெருமுனையில் நிற்கும், டிபன் டப்பாவோடு பெண்கள் கூட்டமாக ஏறிப் போவார்கள். அந்தக் கூட்டத்தில் அம்மாவும் ஒருத்தி. என் பள்ளிக்கூட ஃபீஸ், கல்லூரி ஹாஸ்டல் கட்டணம் எல்லாம் ஐரோப்பாவில் யாரோ போட்டு நடந்த தோல் ஷூக்களிலிருந்து வந்தவை. அப்படிப்பட்ட வீட்டில் உட்கார்ந்துகொண்டு "எனக்குத் தோல் வேண்டாம்" என்று சொல்வது, பட்டுநெசவாளர் வீட்டில் பிறந்துவிட்டுப் பட்டு கட்டமாட்டேன் என்பதைப் போலத்தான்.

பாலாற்றின் கதை எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. தோல் பதனிடும் குரோமியமும் உப்பும் கிணற்றில் இறங்கியதைப் பார்த்தே வளர்ந்தோம். 1996-இல் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே அதற்கான செலவைக் கொடுக்க வேண்டும் என்ற கொள்கையைப் படிக்கிற சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்றும் அந்த வழக்கைப் படிக்கிறார்கள். 2015 ஜனவரியில் ராணிப்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்தில் படுத்துத் தூங்கிய தொழிலாளர்கள் 10 பேர் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். இதெல்லாம் தோலை வெறுக்கக் காரணமா என்றால், இதெல்லாம் தொழிலை ஒழுங்காக நடத்தச் சொல்வதற்கான காரணம். நான் விட்டது மாட்டுக்காக. இரண்டையும் நான் குழப்பிக்கொள்வதில்லை.

அம்மா இதை ஏற்றுக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன். "கறிக்கு வெட்டறாங்க. தோலைத் தூக்கிக் குழியில போடச் சொல்றியா?" என்பது அவருடைய கேள்வி. கெட்டிக்காரக் கேள்விதான். தோலும் விலைக்குப் போகிறது, அந்த விலையும் மாட்டின் விலையில் சேர்த்திதான் என்று நான் பதில் சொல்வேன். இருவரும் அந்த இடத்தில் நிறுத்திக்கொள்வோம். மாமா ஒருவர் உண்டு, காந்தியை இழுப்பார். காந்தி தென்னாப்பிரிக்காவில் செருப்பு தைக்கக் கற்றுக்கொண்டதும், தன்னைச் சிறையில் அடைத்த அந்நாட்டு அமைச்சர் ஸ்மட்ஸுக்கே ஒரு ஜோடி தைத்துக் கொடுத்ததும், பின்னாளில் தானாக இறந்த மாட்டின் தோலை மட்டும் பயன்படுத்தச் சொன்னதும் உண்மைதான். அப்படிப்பட்ட தோல் எங்கே கிடைக்கும், காட்டுங்கள் என்றால் மாமா பேச்சை மாற்றிவிடுவார்.

இந்தக் கேள்விகளெல்லாம் எனக்குப் பிடிக்கும். பிடிக்காதது இன்னொன்று. கால் கட்டோடு படுத்திருந்தபோது வீட்டு ஓனர் அம்மா பார்க்க வந்தார். தோல் செருப்பு தேடவில்லை என்று தெரிந்ததும் முகம் மலர்ந்து, "ரொம்ப நல்லதும்மா, நாங்களும் அதெல்லாம் வீட்டுக்குள்ளயே சேக்கறதில்ல, தீட்டு" என்றார். அறைக்குள் என் அம்மா சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தார். வாழ்நாளில் பாதியைத் தோலைத் தொட்டுக் கழித்த அந்தக் கையால்தான் எனக்குச் சாப்பாடு வந்தது. தோலைத் தொட்டு வேலை செய்தவர்களை ஊருக்கு வெளியே வைத்த வழக்கத்துக்கும், மாட்டைக் கொல்ல வேண்டாம் என்ற என் முடிவுக்கும் எந்த உறவும் இல்லை என்று ஓனர் அம்மாவிடம் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, காபி கூடக் குடிக்காமல் போய்விட்டார். வீகன் என்று சொல்லிக்கொள்கிற நம் ஆட்கள் பலர் இந்த இடத்தில் வழவழவென்று பேசுவதைப் பார்த்திருக்கிறேன். பேசக் கூடாது.

சரி, செருப்புக்கு வருவோம்.

டாக்டர் தோல் என்று சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆறுகிற பாதம் காலையில் ஒரு அளவு, சாயங்காலம் ஒரு அளவு. ரத்தம் கீழே இறங்கி வீங்கும். நல்ல தோல் அந்த வீக்கத்துக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், வியர்வையின் ஈரத்தை வெளியே விடும், நாளாக நாளாகப் பாதத்தின் வடிவத்தை எடுத்துக்கொள்ளும். சாதாரண ரெக்சின் இந்த மூன்றில் ஒன்றையும் செய்யாது. ஆனால் டாக்டர் சொல்லாமல் விட்டது, முறிந்த மெட்டடார்சலுக்கு முக்கியமான வேலையைச் செய்வது மேலே இருக்கும் தோல் இல்லை, கீழே இருக்கும் சோல் என்பதை. நாம் எட்டு வைக்கும்போது குதிகால் எழும்பி, பாதம் விரல்களின் மூட்டில் வளைகிறது. அந்த வளைவில்தான் மெட்டடார்சல்கள் மேல் பாரம் விழுகிறது. சோல் விறைப்பாக இருந்து, முன்பக்கம் லேசாக மேல்நோக்கி வளைந்து உருளும்படி இருந்தால், பாதம் வளையத் தேவையில்லாமலே எட்டு முடிந்துவிடும். குதிகாலைப் பிடிக்கும் கவுன்டர் உறுதியாக இருக்க வேண்டும், பாதம் மறுபடி பிசகாமல் இருக்க. கட்டும் பகுதி அகலமாகத் திறக்க வேண்டும், வீக்கத்துக்கு. அந்த முண்டு இருக்கும் இடத்தில் தையலோ தடித்த ஒட்டோ வரக் கூடாது. இவற்றில் ஒன்றுகூடத் தோலால் மட்டும்தான் முடியும் என்பது இல்லை.

இதைக் கடையில் சோதிக்க எளிய வழி உண்டு. ஷூவின் இரண்டு முனையையும் பிடித்து மடக்க வேண்டும். விரல் மூட்டு வரும் இடத்தில் மட்டும் கஷ்டப்பட்டு வளைந்தால் நல்லது, நடுவில் வளைந்தால் வேண்டாம். ஈரத் துணி பிழிவது போல முறுக்கிப் பார்க்க வேண்டும், ஷூ முறுக்கிக்கொள்ளவே கூடாது. உள்ளே பாதத்துக்கு அடியில் இருக்கும் மெத்தையை (ஷூ தொழிலில் இதற்குச் சாக்ஸ் என்று பெயர்) கழற்றித் தரையில் போட்டு அதன் மேல் ஏறி நிற்க வேண்டும். பாதம் அதன் ஓரத்தைத் தாண்டி வழிந்தால் அந்த ஷூ உங்களுக்கு இல்லை. சாயங்காலம் போவது உத்தமம், வீங்கிய காலுக்குத்தானே வாங்குகிறோம். பெண்களுக்கு ஒரு கூடுதல் வழி, ஆண்கள் பகுதிக்குப் போய்விடுவது. பெண்கள் ஷூவெல்லாம் யாருடைய பாதத்தைப் பார்த்துச் செய்கிறார்களோ தெரியவில்லை, முன்பக்கம் அப்படிக் குறுகிவிடுகிறது. ஆண்கள் ஷூவில் அதே நீளத்துக்கு அகலம் கூடுதல், நிறம்தான் கறுப்பு, நீலம், சாம்பல் என்று அழும்.

விறைப்பும் அகலமும் கண்டுபிடித்துவிடலாம். அது எதனால் ஆனது என்று கண்டுபிடிப்பதுதான் பாடு. ஷோரூம் பையன்களுக்கு இரண்டு பதில்தான் தெரியும். விலை அதிகமான ஷூவாக இருந்தால் "ப்யூர் லெதர் மேடம்". தோல் வேண்டாம் என்று சொன்னால் அதே ஷூவைக் காட்டி "லெதரே இல்ல மேடம்". பாவம், மாதக் கடைசி இலக்கு அவர்களுக்கு. ஏற்றுமதிக்குச் செய்து இங்கே வந்த ஷூவாக இருந்தால் உள்ளே ஒட்டிய படங்களைப் பார்க்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் 1994-இல் கொண்டுவந்த விதி அது. மேல்பாகம், உள்லைனிங், அடிசோல் மூன்றுக்கும் தனித்தனி அடையாளம் இருக்கும். விரித்துப் போட்ட தோலின் உருவம் இருந்தால் தோல். அதற்குள் ஒரு சாய்சதுரம் இருந்தால் பூச்சு பூசிய தோல். பின்னல் வடிவம் என்றால் துணி. வெறும் சாய்சதுரம் என்றால் இவை எதுவும் இல்லாத வேறு பொருள், பெரும்பாலும் செயற்கை. இதிலும் ஒரு பொடி வைத்திருக்கிறார்கள். எந்தப் பொருள் 80 சதவீதமாவது இருக்கிறதோ அதன் அடையாளத்தைப் போட்டால் போதும். மீதியில் குதிகால் பக்கம் ஒரு தோல் துண்டு இருந்தாலும் படம் காட்டிக்கொடுக்காது.

ஒட்டும் பசையைப் பற்றியும் கேட்பார்கள். எலும்பையும் தோலையும் காய்ச்சி எடுத்த வஜ்ரம் ஒரு காலத்துச் சங்கதி. இப்போது ஷூ தொழிற்சாலைகளில் பாலியூரித்தேன், நியோபிரீன் பசைகள்தான் பெரும்பாலும். அதைத் தெரிந்துகொண்டபின் நான் பசைக்காகத் தூக்கம் கெடுத்துக்கொள்வதில்லை.

எந்த அடையாளமும் இல்லாத ஷூவுக்கு எங்கள் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருக்கும் செருப்பு தைக்கும் அண்ணாவிடம் போவேன். பெரிய கம்பெனிப் பெயர் போட்ட ஒரு ஷூவை, தோல் இல்லை என்று சொல்லி விற்றதை, அவரிடம் கொண்டுபோனேன். சாக்ஸை லேசாகத் தூக்கி உள்ஓரத்தைப் பார்த்தார். "மேல ரெக்சின்மா. உள்ள வெச்சிருக்கறது தோலு" என்றார். எப்படித் தெரியும் என்றதற்கு ஊசியால் ஓரத்திலிருந்து ஒரு பிசிறு கிள்ளித் தீக்குச்சியில் காட்டினார். முடி கருகுகிற நாற்றம். பிறகு மேல்பாகத்தில் ஒரு பிசிறு, அது உருகி உருண்டையாகிப் பிளாஸ்டிக் வாசனை அடித்தது. தோலின் வெட்டுமுகத்தில் நார் நாராகத் தெரியும், ரெக்சினில் துணி ஒரு அடுக்கு, பூச்சு ஒரு அடுக்கு என்று தனித்தனியாகத் தெரியும் என்று ஒரு பாடமே எடுத்தார். ஷூவைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, கருகிய பிசிறைக் காரணம் காட்டி எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார்கள் என்பது தனிக்கதை.

"வீகன் லெதர்" என்று இணையத்தில் தேடினால் வேறு ஓர் உலகம் திறக்கிறது. அன்னாசி இலை நார், மெக்சிகோக் கள்ளி, ஆப்பிள் சக்கை. நம் பக்கமும் குறைச்சல் இல்லை. கேரளத்தில் தேங்காய்த் தண்ணீரில் பாக்டீரியா வளர்த்து எடுக்கிறார்கள், கான்பூரில் கோயில் பூக்கழிவிலிருந்து செய்கிறார்கள். படிக்க ஆசையாக இருக்கிறது. ஆனால் சந்தைக்கு வருகிற பல செடித்தோல்களின் மேல்பூச்சு பாலியூரித்தேன்தான், அதை யாரும் பெரிய எழுத்தில் போடுவதில்லை. எனக்கு அதைவிட முக்கியமான குறை, அந்தப் பெயரில் வருபவை எல்லாம் மெல்லிய பாலே செருப்பும் கூர்மூக்கு ஷூவும்தான். வீகன் என்றால் கால் உடையாது என்று நினைத்துவிட்டார்கள் போல.

இன்னொரு கோடியில், நம் ஊரில் ஏழை எளியவர்கள் போடுகிற செருப்பு எப்போதோ வீகன். ரப்பர் ஹவாய், பாரகான், வி.கே.சி. மாதிரியான பாலியூரித்தேன் செருப்புகள். விலங்கும் இல்லை, விலையும் இல்லை. ஆனால் ஆறுகிற பாதத்துக்கு இவை ஆகாது. நடுவிலேயே வளையும், பின்வார் கிடையாது. கழன்றுவிடாமல் பிடித்துக்கொள்ள விரல்கள் ஒவ்வொரு எட்டுக்கும் கீழே மடங்கி இறுக்கும். பிசியோதெரபிஸ்ட் என் செருப்பு ஸ்டாண்டைப் பார்த்துவிட்டு இவற்றைத்தான் முதலில் பரணில் போடச் சொன்னார்.

ஸ்டாண்டிலேயே பழைய செயற்கை ஷூ ஒன்று இருந்தது. அதிகம் போடாதது, பெட்டி கூடக் கசங்கவில்லை. விறைப்பான சோல், போதுமான அகலம். மகிழ்ச்சியோடு மாட்டிக்கொண்டு கூடத்தில் நாலு எட்டு வைத்தேன், சோல் புட்டு மாதிரி உதிர்ந்தது. குதிகால் துண்டு ஒன்று தனியே கிடந்தது. நல்லவேளை சுவரைப் பிடித்திருந்தேன். சென்னைக்காரர்கள் பலருக்கு இந்த அனுபவம் இருக்கும். பாலியூரித்தேன் சோலுக்குக் காற்றின் ஈரம் எமன். நீர் மூலக்கூறுகள் அதன் சங்கிலிகளை அறுத்துக்கொண்டே இருக்கும், போட்டாலும் போடாவிட்டாலும். பெட்டிக்குள் மூடி வைத்தால் இன்னும் மோசம். பார்க்கப் புதிதாகவே இருக்கும், மிதித்த அன்று நொறுங்கும். இ.வி.ஏ., ரப்பர் இரண்டும் இப்படி உதிர்வதில்லை, நாளானால் இ.வி.ஏ. அமுங்கித் தட்டையாகும், அவ்வளவுதான். கால் சரியில்லாதவர்கள் பழைய ஷூவை எடுக்கும்போது முதலில் கையால் நன்றாக மடக்கிப் பார்த்துவிடுங்கள். தோல் வேண்டாம் என்று சொல்லும்போது இந்தப் பிளாஸ்டிக் குப்பையும் நம் கணக்கில்தான் வருகிறது, அதையும் மறைப்பதற்கில்லை.

நடுவில் மருந்து. எலும்பு கூட வைட்டமின் டி3 கொடுப்பார்கள். அது பொதுவாக ஆட்டு ரோமத்தின் கொழுப்பிலிருந்து எடுப்பது. மாத்திரைக்கு மேல் உறை பெரும்பாலும் ஜெலட்டின், விலங்குகளின் எலும்பு, தோலிலிருந்து எடுப்பது. கால்சியம் சிலவற்றில் சிப்பி ஓடு. லைக்கன் என்ற கல்பாசி வகையிலிருந்து எடுத்த டி3 இருக்கிறது, தேடி வாங்க வேண்டும். அது வந்து சேரும்வரை டாக்டர் கொடுத்ததையே விழுங்கினேன். இங்கிலாந்தில் 1944-இல் வீகன் சங்கம் ஆரம்பித்தவர்களின் வழிவந்த வரையறையிலேயே, முடிந்தவரை, நடைமுறைக்கு ஒத்துவரும்வரை என்றுதான் இருக்கிறது. உடைந்த எலும்பை வைத்துக்கொண்டு கொள்கை வீரம் காட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

வழி கிடைத்தது எம்.சி.ஆர். செருப்பில். மைக்ரோ செல்லுலார் ரப்பர். சர்க்கரை நோயாளிகள் வீட்டில் இருப்பவர்களுக்கு உடனே தெரிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் காற்றறைகள் கொண்ட மெத்தென்ற ரப்பர், பாரத்தைப் பாதம் முழுவதும் பரப்பிவிடும். இதன் பின்னணி எங்கள் பக்கத்துக் கதை. 1946-இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்டும் அவரோடு வேலை செய்தவர்களும் தொழுநோயாளிகளின் கால்களைப் பார்த்து ஒன்றைப் புரிந்துகொண்டார்கள். விரல்களை அரிப்பது நோய்க்கிருமி நேரடியாக இல்லை. உணர்ச்சி போனதால் வலி தெரியாமல், அழுத்தம் பட்ட இடத்திலேயே மறுபடி மறுபடி நடந்து புண்ணாகிறது. அப்படியென்றால் அழுத்தத்தைப் பரப்பும் செருப்பு வேண்டும். வேலூரிலும் பக்கத்தில் கரிகிரியிலும் அந்தச் செருப்புக்காக வருடக்கணக்கில் உழைத்தார்கள். தோலுக்குப் பேர்போன பழைய வேலூர் மாவட்டத்தில், ரப்பரில் ஒரு செருப்பு இப்படி வளர்ந்தது.

எனக்கு உணர்ச்சி போகவில்லை, வேண்டுமளவு இருந்தது. ஆனாலும் பிசியோதெரபிஸ்ட் சொன்ன கணக்கு சரியாகப் பட்டது. மேலே மெத்தென்ற எம்.சி.ஆர்., நடுவில் வளையாத பாலிபுரொப்பிலீன் தகடு, கீழே முன்பக்கம் உருளும்படி இழைத்த கடின ரப்பர். பாதத்தின் அளவெடுத்துச் செய்வதால் முண்டுக்கு இடம் விட்டுவிடலாம். பின்வாரும் வெல்க்ரோவும் உண்டு. செய்து தரும் பட்டறைக்கு அம்மாவோடு போனேன்.

அங்கேயும் அதே கதை. அடிப்பாகம் முழுக்க ரப்பர், வார் மட்டும் தோல். வேறு எதிலாவது போடுங்கள் என்றால் ரெக்சின் துண்டை எடுத்துக் காட்டினார் வேலை செய்பவர். "இதுல போட்டா ஓரம் அறுக்கும்மா. அப்புறம் புண்ணாச்சுன்னு எங்கிட்டயே வருவீங்க" என்றார். அவர் சொன்னது சரி, மடித்த ரெக்சின் ஓரம் பிளேடு மாதிரி இருந்தது. நான் யோசித்துக்கொண்டிருக்கும்போது அம்மா அந்தத் துண்டை வாங்கி இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்தார். கம்பெனியில் ஆயிரக்கணக்கான துண்டுகளை இழுத்துப் பார்த்த பழக்கம், கை தானாகப் போகிறது.

"இன்னாத்துக்கு ரெக்சினு? லைனிங்குக்குப் போடற மைக்ரோஃபைபர் இல்ல?" என்று கேட்டார். பட்டறைக்காரரிடம் இல்லை. "எங்க ஊர்ல கிலோ கணக்குல கெடக்குது" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். அதில் கொஞ்சம் கர்வம் இருந்தது.

மைக்ரோஃபைபர் என்பது முடியைவிடப் பல மடங்கு மெல்லிய நைலான் அல்லது பாலியஸ்டர் இழைகளைப் பின்னாமல் ஒன்றோடொன்று சிக்கவைத்து, பாலியூரித்தேனில் ஊறவைத்துச் செய்வது. ரெக்சின் போல இரண்டு அடுக்காக இல்லாமல் தோல் போல நார்க்கட்டாக இருக்கும். வெட்டிய ஓரம் பிசிறாது, அதனால் மடிக்க வேண்டியதில்லை, மடிக்காவிட்டால் அறுக்காது. ஆம்பூர் கம்பெனிகள் தோல் ஷூவுக்குள்ளேயே குதிகால் லைனிங்காக இதைப் போடுகின்றன. நான் தவிர்த்துக்கொண்டிருந்த ஷூக்களுக்குள்ளேயே நான் தேடிய பொருள் இருந்திருக்கிறது. அம்மாவுக்கு இது பெரிய விஷயமாகவே படவில்லை. அவருக்கு அது லைனிங் பொருள்.

ஊருக்குப் போய், கம்பெனிகளின் மிச்சத் துண்டுகளை எடைபோட்டு விற்கும் கடையில் பொறுக்கி எடுத்துக்கொண்டு வந்தார். வார்களைத் தானே வெட்டினார். தோலாக இருந்தால் இழுவை பார்த்து வெட்ட வேண்டும், முதுகுப் பக்கம் இழுக்காது, வயிற்றுப் பக்கம் இழுக்கும், ஒரே தோலில் ஒவ்வொரு இடமும் ஒரு மாதிரி. இதில் அந்தத் தொல்லை இல்லை என்றார். அதே மூச்சில், அதனால்தான் இதற்கு உயிரே இல்லை என்றும் சொன்னார். இரண்டு மைக்ரோஃபைபருக்கு நடுவில் மெல்லிய நுரை வைத்து, முண்டு வரும் இடத்தில் தையல் போகாதபடி வளைத்துத் தைத்துக் கொடுத்தார். பட்டறைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எந்தக் கம்பெனி என்று அம்மாவிடம் கேட்டார். இரண்டு பேரும் என்னை மறந்துவிட்டு ஊசி நம்பர் பேச ஆரம்பித்தார்கள்.

அந்தச் செருப்பில்தான் நடை திரும்பியது. இப்போது வெளியே போக, ஆண்கள் பகுதியில் வாங்கிய வலைத்துணி ஓட்ட ஷூ ஒன்று வைத்திருக்கிறேன். மேல்பாகம் பாலியஸ்டர் பின்னல், வீக்கத்துக்கு விட்டுக்கொடுக்கிறது. சாக்ஸுக்கு அடியில் ஒரு மெல்லிய விறைப்புத் தகடு செருகியிருக்கிறேன். சித்தி மகள் செய்யாறில் ஷூ தொழிற்சாலைக்குப் போகிறாள். அங்கே பல வருடங்களாக நைக்கி ஷூக்கள் தயாராகின்றன. பெரம்பலூரில் க்ராக்ஸ் க்ளாக்குகள் செய்கிறார்கள். 2022-இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த காலணிக் கொள்கைக்குப் பின் தோல் இல்லாத காலணிக்கென்றே புதிய ஆலைகள் வந்துகொண்டிருக்கின்றன. "உன் ஆசைப்படி எல்லாம் மாறுது போ" என்று அம்மா கேலி செய்கிறார். வேலை தோலில் இருந்தாலென்ன, துணியில் இருந்தாலென்ன, அவளுக்கும் தைத்த எண்ணிக்கையை வைத்துத்தானே கணக்கு என்பது அவர் கேள்வி. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அலுவலகத்துக்கு ஏற்ற மூடிய ஷூ இன்னும் கிடைத்தபாடில்லை. எம்.சி.ஆர். செருப்பில் வெல்க்ரோதான் முதலில் தளர்கிறது, நூலும் தூசியும் சேர்ந்து பிடிப்பு குறைந்துவிட்டது. பழைய டூத் பிரஷால் தேய்த்தால் கொஞ்ச நாள் தாங்கும். அடுத்த வாருக்கு வெல்க்ரோ வேண்டாம், பக்கிள் வைத்துத் தைக்கிறேன் என்கிறார் அம்மா. காலையும் சாயங்காலமும் இறுக்கித் தளர்த்த வெல்க்ரோதான் வசதி என்கிறேன் நான். பேச்சுவார்த்தை போய்க்கொண்டிருக்கிறது.